கதவுக்குப் பின்னால் போட்ட கையெழுத்து

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் இருபத்தோரு பெயர்கள் இருந்தன. இரண்டாம் மாடிக்காரி அதை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். நம்பிக்கை வராமல் கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு பெயராக நகர்த்திப் பார்த்தாள். அவள் பெயர் இல்லை. அடியில் இப்படி இருந்தது: 'தேர்வு எழுதத் தகுதி பெற்றவர்கள் இவர்கள் மட்டுமே. திருத்தம் இருந்தால் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பயிற்சிப் பிரிவில் தெரிவிக்கவும்.' அன்று செவ்வாய். மணி ஒன்றரை.

நாலு மாதம், ஏழு மாடிப் படி ஏறி வந்து உட்கார்ந்த வகுப்பு. ஒரு நாளா, இரண்டு நாளா.

அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. இருக்கும், யாரும் கேட்பதில்லை. எந்த மாடியைத் துடைக்கிறார்களோ அதுதான் பெயர். இவள் பதினோரு வருஷமாக இரண்டாம் மாடி. போதாததற்கு ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று மாடிகளுக்கும் லீடர். லீடர் என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. மாப் போடும் கையோடு மற்றவர்கள் போட்ட மாப்பையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானைச் சம்பாதிக்க அவளுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. இப்போது அதற்கும் உலை வைத்திருந்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து லீடராக இருப்பவர்கள் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டுமாம். இவள் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவள்.

அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாம் மாடியில் மாலை வகுப்பு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடத்தில் வேலை செய்யும் யார் வேண்டுமானாலும் சேரலாம், பத்தாவது எழுதலாம் என்றது நோட்டீஸ். யார் வேண்டுமானாலும் என்பதை நம்பி ஆபீஸ் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு பேரும், டிரைவர், செக்யூரிட்டி, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங் என்று பின்பக்கத்து ஆட்கள் ஒன்பது பேரும் சேர்ந்தார்கள். வகுப்பு ஆறு மணிக்கு. சாமான் ஏற்றும் சர்வீஸ் லிப்ட்டை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். முன்பக்க லிப்ட் அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான் திறக்கும். பின்பக்கத்து ஆட்களிடம் அட்டை ஏது? டிரைவர்களுக்கு ஆறு மணிக்குத்தான் முதலாளிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். செக்யூரிட்டிக்கு ஆறு மணிக்குத்தான் ஷிப்ட் மாறும். கேன்டீன் சமையல்காரர் இரண்டு வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார், பிறகு முழங்காலைக் காட்டிவிட்டு நின்றுவிட்டார். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. யாருக்கும் தோன்றவில்லை. ஒரு மாதத்தில் பின்பக்கத்து ஆட்களில் மிஞ்சியது இவள் ஒருத்திதான்.

அவளுக்கும் டியூட்டி மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை. சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "டியூட்டி நேரத்துல படிப்பா? டியூட்டி முடிச்சிட்டுப் படி, யார் வேணாங்கிறா" என்றார். டியூட்டி முடிவதற்குள் வகுப்பு முடிந்துவிடுமே என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. அதனால் மூன்றாம் மாடியில் வேலை செய்யும் அவள் நாத்தனார், ஆறு மணிக்கு மேல் இரண்டாம் மாடியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் மூச்சு விடவில்லை.

இவ்வளவும் தலைக்குள் ஓட, அவள் பயிற்சிப் பிரிவு ஆபீசரின் அறைக் கதவைத் தட்டினாள்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் எத்தனையோ முறை துடைத்த மாதிரியான நாற்காலி, அதில் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க பேர்ல ஒரு நாள்கூடக் கையெழுத்து இல்லையேம்மா. நாற்பது வகுப்புல முப்பதாவது வந்திருக்கணும்."

"தினமும் போட்டேன் சார்."

அவர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். மற்றவர்கள் பெயருக்கு நேரே நீலமும் கறுப்புமாகக் கையெழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அவள் பெயருக்கு நேரே நாற்பது வெள்ளைக் கட்டங்கள். டிரைவர்கள், செக்யூரிட்டிகள் கட்டங்களில்கூட முதல் பத்து நாள் ஏதோ கிறுக்கியிருந்தது. அவர்கள் கேட்டில் தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள்.

"இதை வெச்சு நான் மேலிடத்துக்கு அறிக்கையே அனுப்பிட்டேன்" என்று ஒரு தாளை எடுத்துப் படித்தார். "'சேவைப் பிரிவு ஊழியர்களிடம் கல்வியில் ஆர்வம் இல்லை. கடைசி மாத வருகை பூஜ்யம்.'"

"அந்தப் பூஜ்யம் நானா சார்?"

அவர் டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் வெளியிலிருந்து வந்து போகிறவள், இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். போனில் அவள் குரல் மேஜையைத் தாண்டிக் கேட்டது. "கடைசி வரிசை, கதவோரம் உட்காருவாங்களே, அவங்கதானே சார்? ஒரு நாள் தவற மாட்டாங்க. கணக்குல அவங்கதான் முதல். ஏன், என்ன ஆச்சு?"

ஆபீசர் போனை வைத்தார். "டீச்சர் வாயால சொன்னா ஆடிட்டுக்கு ஆகாதும்மா. தாள் வேணும். தினமும் போட்டேன்னு சொல்றீங்க, எங்க போட்டீங்க?"

"கதவுக்குப் பின்னாடி சார்."

அவர் எழுந்து அவளோடு பயிற்சி அறைக்கு வந்தார். அவள் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். கதவின் பின்புறம் ஆணியில் ஒரு அட்டை, அதில் செருகிய ஒரு தாள், நூலில் கட்டிய ஒரு பேனா. எந்த மாடியில் எந்த அறைக் கதவைச் சாத்தினாலும் பின்னால் தொங்கும் சார்ட்தான் அது. அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் தேதி, நேரம், மாடி எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் வாரம் மூன்று நாள், மாலை ஆறு ஐந்து, ஆறு ஏழு என்று நேரம் போட்டு, '2' என்று எழுதி, பக்கத்தில் அவள் முழுப் பெயர்.

"அஞ்சு வருஷமா இந்த ரூமுக்கு வந்து போறேன். இப்படி ஒண்ணு இங்க தொங்குறதே எனக்குத் தெரியாது" என்றார் ஆபீசர்.

முதல் நாள் டீச்சர், 'உள்ள வந்ததும் கையெழுத்துப் போட்டுட்டு உட்காருங்க' என்றாள். உள்ளே வந்ததும் கையெழுத்து எங்கே போடுவது என்று ஹவுஸ்கீப்பிங்கில் யாரையும் எழுப்பிக் கேளுங்கள், தூக்கத்திலும் கதவுக்குப் பின்னால் என்றுதான் சொல்வார்கள். மேஜைமேல் ஒரு நோட்டு விரித்துக் கிடந்ததையும், மற்றவர்கள் குனிந்து அதில் எழுதியதையும் அவள் பார்த்தாள்தான். அது மேஜைக்காரர்களுக்கு உள்ளது என்று நினைத்தாள். அந்தக் கட்டடத்தில் எதற்கும் இரண்டு தாள் உண்டு, அவர்களுக்கு ஒன்று, இவர்களுக்கு ஒன்று. தவிர, வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே மேஜைமேல் கிடக்கும் காகிதத்தைத் தொடாதே என்பதுதான். கலைந்து கிடந்த தாள்களை நல்ல எண்ணத்தில் அடுக்கிவைத்த பாவத்துக்கு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருத்தியை அவளுக்குத் தெரியும்.

ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. சார்ட்டை எண்ணினார். "இதுல இந்த மாசம் மட்டும்தான் இருக்கு. ஒன்பது நாள். பழைய தாளெல்லாம் எங்க?"

"மாசக் கடைசியில சூப்பர்வைசர் எடுத்துக் கீழ்த்தளத்துல ஃபைல் பண்ணிடுவார் சார்."

"அப்பாடா, அவ்வளவுதானே. அவர்கிட்ட, 'இந்தத் தேதிகள்ல இந்த நேரத்துல இவங்க ஒன்பதாம் மாடிப் பயிற்சி அறையில இருந்தாங்க'ன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. முப்பது தேதி இருக்கணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டாங்க, நானே பேரைச் சேர்க்கிறேன்." பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஆனால் அதே தேதிகளில், அதே நேரத்தில், இரண்டாம் மாடிச் சார்ட்டிலும் அவள் கையெழுத்து இருந்தது. போட்டது நாத்தனார்.

மாலை, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் உள்ள படிக்கட்டில் நாத்தனாரைப் பிடித்தாள். நாத்தனார் பக்கெட்டைக் கீழே வைக்காமலே முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் வைத்தாள்.

"நாலு மாசம் உங்க கையெழுத்தை நான் போட்டிருக்கேன் அண்ணி. ஆறரைக்கு ஒண்ணு, ஏழரைக்கு ஒண்ணு. இப்ப அந்த மனுஷன் முன்னாடி ரெண்டு ஃபைலையும் சேர்த்து விரிச்சு வைக்கப் போறீங்களா?"

"அவர் ஒன்பதாம் மாடி ஃபைலை மட்டும் பார்த்தா போதும்."

"அவர் என்ன மண்ணாங்கட்டியா? ஆறு மணிக்கு ரெண்டுல இருக்க வேண்டியவ ஒன்பதுல எதுக்கு இருந்தான்னு கேட்க மாட்டாரா? கேட்டா நான் காலி. அடுத்தவ கையெழுத்தைப் போட்டவளை ஒரு நிமிஷம் வெச்சிருக்க மாட்டாங்க."

"உன் பேரு வராது."

"எப்படி வராம போகும்? சொல்லுங்க, எப்படி?"

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள், தாழ்த்தியதும்தான் அது இன்னும் சுட்டது. "அந்த ஆள் என்னை விட்டுட்டுப் போனப்ப உங்க வீட்டுல வந்து விழுந்தேன். அண்ணனும் நீங்களும் ஒரு வார்த்தை சொன்னதில்ல, அதை நான் மறக்க மாட்டேன். ஆனா இந்த வேலை இருக்கிறதாலதான் அந்த வீட்டுல தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறேன். இதையும் பிடுங்கிடாதீங்க. லீடர் போனா போகட்டும் அண்ணி. என்கூட சேர்ந்து மாப் போடுங்க. குடியா முழுகிடும்?"

வீட்டிலும் அதே பாட்டுதான். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி, "விட்டுத் தள்ளு. இந்த வயசுல பத்தாவது பாஸ் பண்ணலைன்னு யார் அழுதா?" என்றார். அவள்தான் அழுதாள், ஆனால் அவர் முன்னால் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். லீடர் வேலை போவதற்காக அழவில்லை என்பது அவளுக்கே அதிசயமாக இருந்தது. அந்த நாற்பது வெள்ளைக் கட்டங்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

புதன்கிழமை சூப்பர்வைசர் வேறு கட்டடத்துக்குப் போயிருந்தார். பன்னிரண்டுக்குக் கேட்டாள், வரவில்லை. இரண்டுக்குக் கேட்டாள், வரவில்லை. மூன்றரைக்குக் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் துடைத்த மேஜையையே மறுபடி துடைத்ததைப் பார்த்து ஒரு குமாஸ்தா, "என்னம்மா, இன்னைக்கு மேஜை தேய்ஞ்சிடும் போல இருக்கே" என்றார். சிரித்துவைத்தாள். நாத்தனார் காலையிலிருந்து அவளிடம் பேசவில்லை.

நாலு மணி பத்து நிமிஷத்துக்குச் சூப்பர்வைசர் வந்தார்.

கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் அவர் அறை. சோப்புத் திரவ டப்பாக்கள், உடைந்த மாப் கட்டைகள், ஒரு இரும்பு பீரோ, ஒரு மேஜை. மோட்டார் ஓடும்போது மேஜை லேசாக அதிரும். அவரும் ஒரு காலத்தில் மாப் பிடித்தவர்தான். அதனால் அவரை ஏமாற்றுவது கஷ்டம்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். ஒன்பதாம் மாடியில் வகுப்புக்குப் போனதை, கையெழுத்தைத் தப்பான இடத்தில் போட்டதை, ஆபீசர் கேட்ட தாளை. நாத்தனாரைப் பற்றிச் சொல்லவில்லை. கதவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இந்த மாதத் தாளை மேஜைமேல் வைத்தாள். அவர் பீரோவைத் திறந்து ஒன்பதாம் மாடி ஃபைலை எடுத்து, அந்தத் தாளையும் அதில் செருகிப் புரட்டினார். புரட்டிவிட்டு, அவள் பயந்தபடியே, இரண்டாம் மாடி ஃபைலையும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தேதிக்குத் திருப்பினார்.

"இது யார் கையெழுத்து?" ஒன்பதாம் மாடித் தாளில் விரல் இருந்தது.

"என்னுது சார்."

"அப்ப இது?"

இரண்டாம் மாடித் தாளில், முதல் எழுத்து ஒன்று, அதன் பக்கத்தில் புழு நெளிந்த மாதிரி ஒரு கோடு. அவளுடைய பழைய கையெழுத்தை நாத்தனார் அச்சு அசலாகப் போட்டிருந்தாள்.

அவள் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். "இதைப் பதினோரு வருஷமா பார்க்கிறேன். இது உன்னுது, சந்தேகமே இல்ல. ஒன்பதாம் மாடியில இருக்கிறது உன்னுது இல்ல. முழுப் பேரு, அழகா, ஒரே சீரா. இது நல்லாப் படிச்ச ஆள் கை. ஏம்மா, அந்த டீச்சரா உனக்காகப் போட்டுக்கொடுத்தாங்க? பரீட்சை எழுத வைக்கணும்னு பாவம் பார்த்துப் போட்டிருப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாத்தனார் போட்ட பொய் நிஜமாகிவிட்டது, அவள் நாலு மாதம் உட்கார்ந்து பழகிய நிஜம் பொய்யாகிவிட்டது. இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தலையைக் குனிந்து, ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம். நாத்தனார் பிழைப்பாள். இவள் வேலையும் போகாது. அவர் அதற்குள் கோபம் தணிந்து, ஃபைலை மூடவே போய்விட்டார்.

"ரெண்டும் என்னுதுதான் சார்" என்றாள்.

"என்ன விளையாடுறியா?"

"முதல் மாசத் தாளைப் பாருங்க சார்."

அவர் ஒன்பதாம் மாடி ஃபைலின் முதல் மாதத்துக்குப் போனார். அங்கேயும் அதே புழுதான். இரண்டாவது வாரம் புழுவுக்குப் பதில் இரண்டு எழுத்து. அடுத்த மாதம் முக்கால் பெயர், கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தது. அதற்கடுத்து முழுப் பெயர், கோணலாக. அதற்கடுத்து நேராக. அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பத் திருப்ப அவளுக்கே வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அவர் ஒரு வெற்றுத்தாளைத் தள்ளினார். "ரெண்டையும் போடு, பார்ப்போம்."

போட்டாள். புழு தானாக வந்தது, பதினோரு வருஷப் பழக்கம். முழுப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போட்டாள். அவர் இரண்டையும் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நாத்தனார் காப்பி அடித்ததே இவளைப் பார்த்துத்தானே.

"சரி. ஒரே நேரத்துல ரெண்டு மாடியில எப்படிம்மா இருந்தே?"

"ஒன்பதுலதான் சார் இருந்தேன். ரெண்டுல போட்டது பொய். வகுப்பு முடிஞ்சு இறங்கி வந்து சேர்த்துப் போட்டேன்."

"அப்ப மாடியை யார் துடைச்சது? மாடி தானா துடைச்சுக்கிச்சா?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நாத்தனார் நின்றாள், முகத்தில் ஈயாடவில்லை. வெளியே நின்று எவ்வளவு நேரமாகக் கேட்டாளோ தெரியாது. "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"மூணாம் மாடியில லிப்ட் வாசல்ல தண்ணி சிந்திக் கிடக்கு. யாராவது வழுக்கி விழுந்தா நீதான் பொறுப்பு. போ" என்றாள் அண்ணி. லீடர் குரல். வீட்டில் ஒருநாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

நாத்தனார் அசையவில்லை.

"போன்னு சொன்னேன்."

கதவு மூடியது. சூப்பர்வைசர் மூடிய கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழரைக்கு வந்து நான்தான் சார் துடைச்சேன். எட்டுக்குள்ள முடிச்சிடுவேன்."

"அரை மணியில அம்பது மேஜை."

"ஆமா சார்."

"நானும் மேஜை துடைச்சவன்மா." பிறகு பெருமூச்சு விட்டார். "சரி. நீ சொல்றதை அப்படியே எழுதிக்கிறேன். நான் எதையும் பார்க்கல."

மணி நாலு இருபத்தைந்து. அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "ஆனா அந்த ஆபீசர் கேட்ட மாதிரி எழுதித் தர என்னால முடியாது. நீ வகுப்புல இருந்தேன்னு நல்லவிதமா எழுதினா, டியூட்டியில இருக்க வேண்டியவளை எப்படி விட்டேன்னு என்னைக் கேட்பாங்க. நான் எழுதினா மெமோதான் எழுத முடியும்."

"மெமோவுல என்ன எழுதுவீங்க சார்?"

"என்ன எழுதுவேன்? இன்ன தேதியில மாலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் வேலை இடத்துல இல்லாம, அனுமதி இல்லாம, ஒன்பதாம் மாடிப் பயிற்சி அறையில இருந்தாங்கன்னு எழுதுவேன்."

அவள் ஒரு நொடி யோசித்தாள். "அதுவே போதும் சார்."

"எதுக்குப் போதும்?"

"ஆபீசருக்கு. அவர் கேட்டதும் அதுதான். எந்தத் தேதியில எங்க இருந்தேன்னு. ஒரு காப்பி என் கையில கொடுப்பீங்க இல்ல சார்?"

அவர் அவளை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இதுல கையெழுத்துப் போட்ட நிமிஷம் லீடர் போச்சு. அந்த லீடருக்காகத்தானே படிக்கப் போனே?"

"ஆமா சார். அதுக்காகத்தான் போனேன்."

அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல நிறைய இருந்தது. முதல் முறையாக ஒரு கணக்கின் விடை டீச்சர் சொல்வதற்கு முன்னால் தனக்கு வந்ததையும், பஸ்ஸில் வரும்போது கடை போர்டுகளை நிறுத்தாமல் படித்துக்கொண்டே வந்ததையும், மருந்துச் சீட்டைக் கணவர் அவளிடம் நீட்டிப் படிக்கச் சொன்னதையும் இந்த அறையில், இந்த மோட்டார் சத்தத்தில், எப்படிச் சொல்வது?

அவர் எழுத ஆரம்பித்தார். மெதுவாக எழுதுகிற கை. தலைப்பு எழுதினார், அவள் பெயர் எழுதினார், மாடி எண் எழுதினார். ஃபைலைப் பார்த்துத் தேதிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பன்னிரண்டு தேதி எழுதியதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதோட நிறுத்திக்கிறேன்."

"முப்பது வேணும் சார்."

"சொல்றதைக் கேளு. பன்னெண்டு நாள்னா என் அளவுல முடியும். லீடரை எடுத்துட்டு, உன்னை வெறும் ஆளா வெச்சுக்கிட்டேன்னு சொல்லிடுவேன். அதுக்கு மேல எழுதினா ஃபைல் மேல போயிடும். மேல போனா வேலை இருக்குமா இருக்காதான்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார், அது அவளுக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தெட்டு. வீட்டு வாடகை, அரிசி, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து வரிசையாக நின்றன. பதினோரு வருஷம் இந்த வேலையில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. பன்னிரண்டு தேதியோடு அந்தத் தாளைக் கொண்டுபோனால் ஆபீசர் உதட்டைப் பிதுக்குவார். பதிவேட்டில் அவள் பூஜ்யமாகவே இருப்பாள், அறிக்கை சொன்னது சரிதான் என்றாகிவிடும். அடுத்த வருஷம் இன்னொருத்தி படி ஏறி வந்தால், உங்க ஆளுங்களுக்கு ஆர்வம் இல்லையே என்பார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஆபீசர் நல்லவர், டீச்சர் நல்லவள், இவரும் நல்லவர். எல்லோரும் நல்லவர்களாக இருந்தே அவளை இந்த மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அவள் கையை நீட்டி ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் படிக்கிறேன் சார். நீங்க எழுதுங்க. சீக்கிரம் முடியும்."

"ஏம்மா..."

"பதிமூணாவது" என்று ஆரம்பித்தாள். தேதி, மாதம், நேரம். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, சொல்வதை எழுதச் சொல்லும் டீச்சர் மாதிரிப் படித்தாள். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் தொடவில்லை. அவள் அதே தேதியை மறுபடி படித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே குனிந்தார்.

பதினெட்டு. இருபது. ஒரு இடத்தில் அவர் தேதியை மாற்றி எழுதப் போனார், அவள் தாளைத் தலைகீழாகப் பார்த்தே திருத்தினாள். இருபத்தேழு. மோட்டார் நின்றது, அறை திடீரென்று அமைதியானது, அவள் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது. கதவுக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. மூன்றாம் மாடிக்குப் போகச் சொன்னவள் போகவே இல்லை போலிருக்கிறது.

முப்பதாவது தேதியை எழுதி அடியில் கோடு போடப் பேனாவை நகர்த்தினார் சூப்பர்வைசர். மணி நாலு ஐம்பது.

"முப்பது ஆச்சு. எடுத்துட்டு ஓடு. லிப்ட் இன்னும் ஓடுது."

அவள் விரல் ஃபைலில்தான் இருந்தது. "இன்னும் பத்து இருக்கு சார்."

"எதுக்கு? அவருக்கு முப்பது போதும்னியே. ஒவ்வொரு தேதியும் உனக்குத்தான்மா குத்தம்."

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"வந்திருக்கேனே சார்" என்றாள். "அந்தப் பத்து நாளும் ஏழு மாடி ஏறி வந்திருக்கேன்."

அவர் கோடு போடவில்லை. அவள் முப்பத்தோராவது தேதியைப் படித்தாள்.